புழு தின்ற புல்லுக்காட்டைப் பறித்துப் போடலாமா?

வாசகர் கேள்வி: வணக்கம்ங்க. கேரளாவுல பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவுல எங்க தோட்டம். 60 சென்ட்டுல கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் போட்டு மூணு வருசமாச்சு. 15 சென்ட்டுல கோ.எப்.எஸ்-29 தீவனச்சோளம். மானாவாரியா ஒரு ஏக்கர் கொழுக்கட்டைப்புல் இருக்கு; பாதி மேய்ச்சலுக்கு, பாதி அறுத்துக் காயவெச்சுப் போர் போட. கறவை நாலு, ஆடு ஆறு. ஆனி கடைசில மழை நின்னு பத்து நாள் காய்ஞ்சு, மறுபடி ஒரு நல்ல மழை பேஞ்சதும் புழு உழுந்துது. ஒரே வாரத்துல நேப்பியரும் சோளமும் குச்சி மட்டும்தான் நிக்குது. இப்பப் புழுவைக் காணோம். கொழுக்கட்டைப்புல்லுல அங்கங்க மஞ்சளாச் சொட்டை விழுந்திருக்கு. இழுத்தாக் கையோட வருது. வேரோட பறிச்சுட்டுப் புதுசா நடுங்கன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றார். யூரியாவும் குருணை மருந்தும் சேத்துப் போடச் சொல்றார் கடைக்காரர். என்னங்க பண்ணறது? மாட்டை எப்பத் திருப்பி விடலாம்?

பதில்:

பறிக்க வேண்டாம். நேப்பியரில் புழு தின்றது இலையை மட்டும்தான். தூர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்தத் தூர் இப்போது வெறும் வயிற்றோடு இருக்கிறது. வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் அது மறுபடி துளிர்க்க வேண்டும். அந்தத் துளிரை மாடு கடித்தாலோ, நீங்கள் அரிவாளோடு போனாலோ, அடுத்த தலைமுறைப் புழு வந்து தின்றாலோதான் தூர் சாகும். புழு விழுந்த வாரத்தில் அழிந்த புல்லுக்காட்டைவிட, அதற்கடுத்த இரண்டு மாதத்தில் அவசரப்பட்டு அழித்த புல்லுக்காடுதான் அதிகம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வேறு சேதம் கலந்திருக்கிறது. நேப்பியரும் சோளமும் குச்சியாக நிற்பது படைப்புழு வேலை. கொழுக்கட்டைப்புல் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வருவது படைப்புழுவின் வேலையாக இருக்க முடியாது. இலை தின்னும் புழு வேரை அறுக்காது. அங்கே மண்ணுக்குள் வேர்ப்புழு இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதைப் பின்னால் பார்ப்போம்.

படைப்புழுவில் உங்கள் பக்கம் இரண்டு வகை வரும். தலையில் தலைகீழ் 'ஒய்' போன்ற வெள்ளைக் கோடும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் அது அமெரிக்கப் படைப்புழு. 2018-ல் கர்நாடகத்துச் சிவமொக்கா பகுதியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு இந்தப் பக்கமெல்லாம் பரவியது. அது குருத்துக்குள் புகுந்து மரத்தூள் போல எச்சத்தைத் தள்ளும். இன்னொன்று நெல்லிலும் புல்லிலும் காலங்காலமாக வருவது. பகலில் மண்கட்டிக்கு அடியிலும் தூருக்குள்ளும் பதுங்கி, இருட்டியதும் கூட்டமாக ஏறித் தின்றுவிட்டு, தீர்ந்ததும் அடுத்த வயலுக்கு ஊர்ந்து போகும். கிருஷி பவனில் (உங்கள் ஊர் வேளாண்மை அலுவலகத்தில்) பட்டாளப்புழு என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். வறட்சிக்குப் பிறகு மழை பெய்து இளந்தளிர் விட்டபோது திடீரென விழுந்து ஒரே வாரத்தில் மொட்டையடித்தது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகையோடுதான் அதிகம் பொருந்துகிறது. புல்லைத் தேற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். தேடும் இடம்தான் வேறு: ஒன்றைக் குருத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், மற்றதை ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே வாரத்தில் தின்றது போலத் தோன்றினாலும் புழு உங்கள் காட்டில் இரண்டு வாரமாவது இருந்திருக்கும். சின்னப் புழு இலையைச் சுரண்டுவதோடு சரி, கண்ணுக்குத் தெரியாது. வாழ்நாளில் தின்பதில் பெரும்பங்கை அது கடைசி நாலைந்து நாளில்தான் தின்கிறது. தெரிய வரும்போது முடிந்துவிட்டிருக்கும்.

'இப்பப் புழுவைக் காணோம்' என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. அது எங்கும் போகவில்லை. இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் கூட்டுப்புழுவாகக் கிடக்கிறது. இந்தச் சூட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாக வெளியே வரும். வந்து முட்டை வைக்கும், மூன்று நாளில் பொரியும். அதாவது புழு மறைந்த நாளிலிருந்து எண்ணினால் மூன்றாவது வாரத்தில் உங்கள் நேப்பியர் முழங்கால் உயரத் தளிரோடு நிற்கும்போது அடுத்த பட்டாளம் தயாராகிவிடும். தூர் இரண்டாவது முறை மொட்டையானால் எழுந்திருக்க அதனிடம் சேமிப்பு இருக்காது. ஆகவே நாள் எண்ணுவதை இன்றே தொடங்குங்கள். காலண்டரில் புழு மறைந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 'அறுத்து இத்தனை நாள்' என்று சொல்வதைத் தவிர, கீழே நான் சொல்லும் நாள் கணக்கெல்லாம் அங்கிருந்துதான்.

நேப்பியர்

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டின் குறுக்கே கோணலாக நடந்து, பத்தடிக்கு ஒரு தூர் வீதம் இருபது தூரைச் சோதியுங்கள். அடித்தண்டைப் பிடித்து இழுத்தால் அசையக்கூடாது. தரையோடு ஒட்டிய கணுவை அரிவாள் நுனியால் சீவினால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பாகி, பஞ்சு போல உலர்ந்தோ புளித்த வாடை வந்தோ இருந்தால் அந்தக் கணு செத்தது. இருபதில் நாலைந்து போயிருந்தால் இடைவெளி நிரப்பினால் போதும். பத்துக்கு மேல் போயிருந்தால் மட்டும் மறுநடவைப் பற்றி யோசிக்கலாம். மூன்று வருசத் தூர், பாசன வசதியும் உண்டு என்பதால் உங்களுக்கு அந்த நிலை வராது என்று நம்புகிறேன்.

அடுத்து, நிற்கிற குச்சியை அறுத்துவிடுங்கள். 'அதுவே துளிர்க்கட்டும்' என்று விட்டால் மேல்கணுவிலிருந்து ஈர்க்குச்சி போலப் பக்கத்தளிர் வரும். அடியிலிருந்து கனத்த முளை வராது. தரையிலிருந்து அரைச் சாண், அதாவது நாலைந்து அங்குலம் விட்டு அறுக்க வேண்டும். உங்கள் பக்கம் அறுப்பு ஆட்கள் தரையோடு தரையாக வழித்து எடுப்பார்கள், பார்க்க நறுவிசாக இருக்கும். மற்றக் காலத்தில் அதை நேப்பியர் தாங்கும், இப்போது தாங்காது. அந்த அரைச் சாண் தட்டையில்தான் முளைக்கு வேண்டிய சாப்பாடு இருக்கிறது. மொட்டை அரிவாளால் அடித்துக் கிழிக்காமல், தீட்டிய அரிவாளால் ஒரே வெட்டாக அறுக்கச் சொல்லுங்கள். கிழிந்த தட்டையில் தண்ணீர் இறங்கி அழுகும்.

அறுத்த குச்சியை மாட்டுக்குப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். புழு எச்சத்தில் விஷம் ஒன்றுமில்லை. கழுவி நறுக்கித் தவிட்டோடு கலந்து கொஞ்சம் கொடுக்கலாம். சத்து என்று பார்த்தால் வைக்கோலைவிட மேலில்லை. கம்பளிப்புழு கிடந்த புல்லாக இருந்தால் மட்டும் கொடுக்காதீர்கள், அதன் ரோமம் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும்.

அறுத்த கையோடு வரிசைக்கு நடுவே களைக்கொத்தால் மூன்று அங்குல ஆழம் கொத்திவிடுங்கள். இது ஒரே வாரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை. கூட்டுப்புழு வெயிலில் வந்து விழும். மைனாவும் கொக்கும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நாட்டுக்கோழி இருந்தால் நாலைந்து நாள் காலையில் உள்ளே விடுங்கள். அந்துப்பூச்சி பறந்த பிறகு கொத்தினால் களை போகும், அவ்வளவுதான்.

கொத்தும்போதே மக்கிய எரு இரண்டு டிராக்டர் டிரெய்லரும், பொட்டாஷ் 16 கிலோவும் போட்டு மண்ணோடு கலக்கி, தூருக்கு லேசாக மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். பச்சைச் சாணி வேண்டாம். கரையானையும் வேர்ப்புழு வண்டையும் கூப்பிட்டு விருந்து வைப்பது போல ஆகும்.

யூரியாவைப் பற்றி. கடைக்காரர் சொன்ன உரம் தப்பில்லை, நேரம்தான் தப்பு. இலையே இல்லாத தூருக்கு இன்று யூரியா போட்டால் அதை எடுத்து உபயோகிக்க ஆளில்லை. ஆடி மழையில் கரைந்து போகும். அறுத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் முளை ஒரு சாண் வந்ததும் முதல் பாதி, 25-30 நாளில் மறு பாதி. கோ-5-க்கு ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் எக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. உங்கள் 60 சென்ட்டுக்கு அது ஏறக்குறைய 40 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டையில் ஐந்து கிலோவை மிச்சம் வைத்துவிட்டு, இருபது இருபதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணில், இலையில் ஈரமில்லாத நேரத்தில், தூருக்கு நாலு விரல் தள்ளிப் போட வேண்டும். கட்டுத்தரை கழுவிய தண்ணீரை வாய்க்காலில் கலந்து விட்டால் முதல் பாதியில் ஐந்து கிலோ குறைத்துக்கொள்ளலாம்.

ஏழு நாள் மழையில்லை என்றால் தண்ணீர் கட்டுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதத்தில் மேல்மண் மூன்று நாளில் காய்ந்துவிடும், ஆனால் கீழே ஈரம் இருக்கும். கையால் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் தேங்கினால் பசியோடு இருக்கும் வேர் முதலில் அழுகும்.

வழக்கமாக 45 நாளில் அறுப்பீர்கள். இந்த முறை, குச்சியை அறுத்த நாளிலிருந்து 60-65 நாள் பொறுங்கள். அந்த அதிகப்படி இரண்டு வாரத்தில்தான் இலை தயாரித்த சத்து வேருக்கு இறங்குகிறது. முதல் அறுப்பை ஒரு சாண் உயரம் விட்டு எடுங்கள். அதற்கடுத்த அறுப்பிலிருந்து பழைய கணக்குக்குத் திரும்பிவிடலாம்.

செத்த தூர் இருந்த இடத்தில் கரணையை நேராக ஊன்றினால் பெரும்பாலும் வீண். சுற்றியுள்ள பழைய தூர் ஒரு மாதத்தில் நிழல் கட்டிவிடும், புது முளை வெளுத்து நிற்கும். மூன்று மாதம் முற்றிய தண்டின் அடிப்பாகத்தில் இரண்டு கணுக் கரணை வெட்டி, மண் நிரப்பிய பாக்கெட்டில் வைத்து மூன்று வாரம் வேர் பிடிக்கவிட்டு, முதல் அறுப்பு முடிந்த மறுநாள் அந்த நாற்றை நடுங்கள். அப்போது வெளிச்சம் எல்லாருக்கும் சமம்.

இரண்டாவது பட்டாளம்

பத்தாம் நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு, இரண்டு நாளுக்கு ஒரு முறை ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு ஒரு நடை. பகலில்தான் முடியும் என்றால், பத்து லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, ஒரு சதுர மீட்டரில் தூரும் மண்ணும் நனைய ஊற்றுங்கள். பதுங்கியிருக்கும் புழு ஐந்து பத்து நிமிடத்தில் மேலே ஏறி வரும். வரப்போரத்தில் இரண்டு இடம், நடுவில் மூன்று இடம் பாருங்கள். சதுர அடிக்கு இரண்டு மூன்று, அதாவது அந்தச் சதுர மீட்டரில் இருபது முப்பது புழு தேறினால் மருந்து அடிக்க வேண்டியதுதான்.

எந்த மருந்து? கறவை மாட்டுத் தீவனத்துக்கு வேம்பும் பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற பி.டி. பாக்டீரியாத் தூளும் போதும். இரண்டும் முக்கால் அங்குலத்துக்குள் இருக்கும் இளம் புழுவைத்தான் கொல்லும். ஒன்றரை அங்குலம் வளர்ந்த புழுவின் மேல் எதை அடித்தாலும் அது இரண்டு நாளில் தானாகவே மண்ணுக்குள் போகப்போகிறது, காசுதான் வீண். அந்த ராத்திரி நடை எதற்கு என்றால், சின்னதாக இருக்கும்போது பிடிப்பதற்கு.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 60 சென்ட் கணக்கு: தோல் நீக்கிய பருப்பு 6 கிலோவைத் தூளாக்கி 20 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் இரண்டு முறை துணியில் வடிகட்டி, 120 லிட்டராக்கி, 120 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். ஒரு வருசத்துக்கு மேல் கிடந்த கொட்டை, பூசணம் பிடித்த கொட்டை இரண்டும் உதவாது. மறுநாளைக்கு மிச்சம் வைத்தாலும் வீரியம் போய்விடும். பி.டி. என்றால் லிட்டருக்கு 2 கிராம். எதுவானாலும் சூரியன் சாய்ந்த பிறகு அடியுங்கள். வெயிலில் இரண்டுமே சீக்கிரம் செயலிழக்கும், புழுவும் அப்போதுதான் மேலே வரும். ஏழு நாள் கழித்து மறுபடி ஒரு முறை. வேம்பு அடித்த புல் கசக்கும் என்பதால் ஒரு வாரம் மாடு தொடாது. 60 நாள் அறுக்கப்போவதில்லை என்பதால் உங்களுக்கு அது பிரச்சினையில்லை.

எமாமெக்டின், குளோரன்ட்ரானிலிப்ரோல் எல்லாம் மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்குப் பரிந்துரைத்தவைதானே என்று கேட்பீர்கள். அவை தானியத்துக்கான கணக்கு. முழுச் செடியையும் கறவை மாடு தின்னும் நேப்பியருக்கு அந்த லேபிளில் காத்திருப்பு நாள் (அடித்த பிறகு அறுக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது) போட்டிருக்காது. போட்டிராத மருந்தை அடித்த புல்லைத் தின்ற மாட்டின் பாலை சொசைட்டியில் ஊற்றுவது சரியில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்துச் சாரல் காற்றில் உங்கள் மேற்கு ஓரத்துக்கு வந்திருந்தால், அந்த நாலு வரிசையைத் தனியாக அறுத்து எருக்குழியில் போட்டுவிடுங்கள்.

குருணை கூடவே கூடாது. குருணையாக வரும் கார்போஃபுரான், போரேட் இரண்டும் கேரள அரசு 2011-லேயே தடை செய்த பட்டியலில் உள்ளவை. எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் யாராவது கொடுத்தாலும் வாங்கி வராதீர்கள். இலை தின்னும் புழு மண்ணில் கூட்டுப்புழுவாகக் கிடக்கும்போது குருணை அதை ஒன்றும் செய்யாது. உங்கள் கோழியையும் மைனாவையும்தான் கொல்லும். தவிட்டில் வெல்லம் கலந்து விஷம் வைக்கிற பொறியும் ஆடு மாடு நடமாடும் இடத்தில் ஆபத்து.

பக்கத்து வயலிலிருந்து பட்டாளம் ஊர்ந்து வருவதைப் பார்த்தால் மட்டும் ஓர் அவசர வேலை: அந்தப் பக்க வரப்போரம் ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில், உங்கள் பக்கச் சுவர் செங்குத்தாக இருக்கும்படி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.

சோளம்தான் ஆபத்து

இந்தப் 15 சென்ட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாட்டின் உயிருக்கு ஆபத்து அங்கேதான் நிற்கிறது.

புழு மொட்டையடித்த சோளம் மறுபடி துளிர்க்கும்போது அந்த இளந்தளிரில் ஹைட்ரோசயனிக் அமிலத்தை உண்டாக்கும் பொருள் மிக அதிகமாக இருக்கும். வறட்சியில் வாடிய பயிர், பூச்சி கடித்த பயிர், யூரியா போட்ட பயிர் என்றால் இன்னும் கூடும். உங்கள் சோளம் முதல் இரண்டையும் பார்த்தாகிவிட்டது. பசித்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் மேய்ந்தாலே போதும்: மூச்சு வாங்கும், நுரை தள்ளும், தள்ளாடி விழும். வாயின் உட்புறம் முதலில் நல்ல சிவப்பாக இருக்கும். அரை மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசியை நரம்பில் போட்டால் பிழைக்கும். அது கால்நடை மருத்துவர் கையால் மட்டும். அவர் வருவதற்குள் எண்ணெய், மோர், புளித்தண்ணி என்று வாயில் ஊற்றாதீர்கள். தள்ளாடும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போகும். மாட்டாஸ்பத்திரி டாக்டரின் போன் நம்பர் கட்டுத்தரைச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

இந்தச் சோளத்தைக் காப்பாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. உழுதுவிட்டு அதில் தட்டைப்பயறு விதையுங்கள். ஏக்கருக்கு 10 கிலோ, உங்களுக்கு ஒன்றரைக் கிலோ விதை; ஓரடிக்கு அரையடி இடைவெளி. பூத்துப் பிஞ்சு விடும்போது, 50-55 நாளில் அறுக்கலாம். புல் தின்னும் பட்டாளப்புழுவுக்குப் பயறு அவ்வளவாகப் பிடிக்காது. அந்த இடத்தில் தீவன மக்காச்சோளம் போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; அமெரிக்கப் படைப்புழுவுக்கு அதைவிடப் பிரியமான பயிர் இல்லை. சோளத்தை விட மனமில்லை என்றால், வேலி அடைத்து, பூ வரும் வரை, குறைந்தது 50 நாள், எந்த மாடும் ஆடும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேப்பியரில் இந்த விஷம் இல்லை. ஆனால் யூரியா அதிகமாகி, பிறகு வெயிலில் வாடி, அதன் மேல் மழை பெய்தால் தண்டில் நைட்ரேட் சேரும். அதைத் தின்ற மாட்டின் ஈறு நீலம் பாரிக்கும், ரத்தம் சாக்லேட் நிறமாக மாறும். இதற்கான மருந்து வேறு. டாக்டரிடம் போனில் ஈறு என்ன நிறம், எதைத் தின்றது, யூரியா எப்போது போட்டீர்கள் என்ற மூன்றையும் சொன்னால் அவர் கையோடு சரியானதைக் கொண்டுவருவார். இரண்டாம் பாதி யூரியாவுக்கும் அறுப்புக்கும் நடுவே 30 நாள் இருக்கும்படி கணக்குச் சொன்னதற்கும், முதல் அறுப்பை ஒரு சாண் விட்டு எடுக்கச் சொன்னதற்கும் இதுவும் ஒரு காரணம். நைட்ரேட் அடித்தண்டில்தான் அதிகம். சோள விஷம் காயவைத்தால் பெருமளவு ஆவியாகிப் போகும், நைட்ரேட் போகாது. போரிலும் அப்படியே இருக்கும்.

அந்த 60 நாளுக்குத் தீவனம்? நாலு கறவைக்கு நாளுக்கு நூறு கிலோ பசுந்தீவனம் கழிகிறது. தட்டைப்பயறு பத்துப் பன்னிரண்டு நாளுக்குத்தான் வரும். மிச்சத்துக்கு வைக்கோல்தான் வழி. மாட்டுக்கு ஆறு கிலோ வீதம் ஏறக்குறைய ஒன்றரை டன். பாலக்காட்டு முதல் போக அறுவடை புரட்டாசியில் வரும்போது விலை இறங்கும், அதுவரைக்கு மட்டும் இப்போது வாங்குங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் சீரணமும் புரதமும் கூடும். திறந்து ஒரு மணி நேரம் வாடை போக ஆற்றிக் கொடுக்க வேண்டும்; ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம். கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிர் போகும் என்பதால் கட்டுத்தரையை விட்டுத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். வேலியில் கிளைரிசிடியா, சவுண்டல் மரம் இருந்தால் அதன் தழையைப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். தாது உப்பு நாளுக்கு 50 கிராம், இந்த இரண்டு மாதம் தவறக்கூடாது.

கொழுக்கட்டைப்புல்

இங்கே முதலில் மண்வெட்டி வேண்டும். மஞ்சள் சொட்டையின் நடுவில் தோண்டாதீர்கள், அங்கே தின்று முடித்துப் போயிருக்கும். சொட்டையும் பச்சையும் சேரும் ஓரத்தில் ஓரடிச் சதுரம், அரையடி ஆழம், ஐந்து இடத்தில். வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தால் வேர்ப்புழு. மண்பூச்சும் சுரங்கமும் தெரிந்தால் கரையான். காட்டுப்பன்றியோ மயிலோ சொட்டையைக் கிளறியிருந்தால் வேர்ப்புழு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

குழிக்கு இரண்டு மூன்று வேர்ப்புழு கிடைத்தால், மெட்டாரைசியம் பூஞ்சாணத் தூள் 2 கிலோவை மக்கிய எரு 100 கிலோவில் கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடி நிழலில் பத்து நாள் வைத்து, மழை பெய்த மறுநாள் சாயங்காலம் ஏக்கர் முழுக்க வீசுங்கள். ஈரம் இல்லாவிட்டால் பூஞ்சாணம் பிழைக்காது. பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேலாகும். புழு பெரிதாகிவிட்டால் அதன் வேகமும் குறையும், அதனால் ஆவணிக்குத் தள்ளாதீர்கள்.

வேர் அறுந்த புல்லை மாடு கடித்தால் தூரோடு வந்துவிடும். ஆடு இன்னும் மோசம், குருத்தைத் தேடித் தேடிக் கடிக்கும். ஆகவே ஏக்கர் முழுக்கக் கார்த்திகை வரை அடைப்பு. போருக்கு வைத்த பாதியிலும் இந்தப் பருவம் அரிவாள் வேண்டாம். பூத்து விதை உதிரட்டும், உதிர்ந்த விதைதான் உங்கள் இலவச நாற்றங்கால். ஆடுகளுக்கு இந்த நாலு மாதம் தழைதான்.

சொட்டைக்கு விதையைவிடத் தூர் பிரித்து நடுவது சீக்கிரம் பிடிக்கும். நன்றாக இருக்கும் தூரில் பாதியைப் பிளந்து எடுத்து, மூன்று நாலு சிம்பு உள்ள துண்டுகளாக்கி, தழையை அரைச் சாணாகக் கத்தரித்து, ஒன்றேகால் அடிக்கு ஓரடி இடைவெளியில் நடுங்கள். பாசனம் இல்லாத காடு என்பதால், ஆடி மழை தொடர்ந்தால் இப்போது. இல்லாவிட்டால் ஐப்பசி முதல் மழையில். வேர்ப்புழு இருக்கும் சொட்டையில் ஆடியில் நடாதீர்கள், நட்டதையும் தின்னும். அங்கே ஐப்பசியே சரி. விதை என்றால் முழு ஏக்கருக்கு 3 கிலோ கணக்கில் சொட்டைக்குத் தக்கபடி. இந்த வருசம் பறித்த விதை முளைக்காது, ஆறேழு மாதம் உறங்கி எழ வேண்டும். போன வருச விதையை மணலில் கலந்து தூவி, முள்படலை இழுத்தால் போதும். அரை அங்குலத்துக்குக் கீழே புதைந்தால் வெளியே வராது.

அதோடு பயறு வகைத் தீவனச்செடியான முயல்மசால் சேருங்கள், மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு. கொதித்த தண்ணீரை இறக்கி நாலு நிமிடம் ஆறவிட்டு அதில் விதையை நாலு நிமிடம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைத்தால்தான் கெட்டித் தோல் திறந்து முளைக்கும். இன்னொரு வருசம் பட்டாளம் வந்தாலும் புல்லைத்தான் முதலில் தின்னும். மசால் மிஞ்சினால் மாட்டுக்கு ஏதோ இருக்கும்.

கார்த்திகையில் அடைப்பைத் திறக்கும் முன் பத்துத் தூரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலை பிய்ந்து கையோடு வந்து, தூர் அசையாமல் நின்றால் மாட்டை விடலாம். நாலு விரல் உயரம் மிஞ்சும்போது வெளியே ஓட்டிவிட வேண்டும். தூரே கிளம்பி வந்தால் அந்தப் பாகத்தை இன்னொரு மழைக்கு அடைத்தே வையுங்கள்.

வேர்ப்புழுவின் தாய் வண்டு சித்திரை, வைகாசியில் முதல் கோடை மழை பெய்த அன்றே மண்ணிலிருந்து கிளம்பும். பொழுது சாய்ந்து ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள் வேம்பிலும் முருங்கையிலும் மொய்க்கும். கீழே பழைய தார்ப்பாய் விரித்துக் கிளையை உலுக்கி, விழுந்ததை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வாளியில் போடுங்கள். மழைக்குப் பிந்தைய பத்து நாளும் செய்ய வேண்டும். உங்கள் மரத்தில் மட்டும் உலுக்கினால் பாதிப் பலன்தான். பறிக்கச் சொன்ன அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் அவர் வேம்புக்கடியில் ஒரு தார்ப்பாய் விரிக்கச் சொல்லுங்கள்.